பாய்லருக்குக் கட்டின வேண்டுதல்

புருசன் பேரைச் சொல்லக் கூடாதும்பாக. சொன்னா அவுக ஆயுசு குறையுமாம். எங்க வீட்டுக்காரருக்கு இனிக் குறையுறதுக்கு ஆயுசு மிச்சமில்லை, அதனால சொல்றேன். அவுக பேரு சேனாதிபதி. பேருதான் சேனாதிபதி, எறும்பு ஊர்ற பக்கம் கால் வைக்காத மனுசன். சந்தையில தராசை அமுக்கினவன்கிட்ட நாந்தான் சண்டைக்குப் போகணும். அவுக பையைத் தூக்கிக்கிட்டுத் தள்ளி நிப்பாக. போன தையில கண்ணை மூடினாக. பாடை வாசல்ல கெடக்கையிலேயே ஒருத்தன் சொல்றான், "யுனிவர்சிட்டியைக் கவுத்தவன் போறான் பாரு"ன்னு. அன்னைக்கு எனக்கு அழக்கூட முடியலை, அவ்வளவு ஆத்திரம்.

இவுக பொறந்தது பழனி அடிவாரம். அப்பாரு காவடிக்காரங்களுக்குத் தேங்காய் பழம் வித்தவரு. அவரு காலரா வந்து போகவும் மீசை முளைக்காத வயசுல இவுக கொடைக்கானலுக்கு மேலேறிட்டாக. அங்க ஒரு வெள்ளைக்கார துரை யூகலிப்டஸ் இலையை அவிச்சுத் தைலம் எடுக்குற ஆலை வச்சிருந்தாரு. அந்த ஆலையில பாய்லருக்கு விறகு தள்ளுற சோலி. மேல குளிரு எலும்பைக் கடிக்கும், கீழ நெருப்பு மூஞ்சியை வேக வைக்கும். என்னைக் கட்டிக்கிட்டு வந்தப்பவே அவுகளுக்குப் புருவத்துல முடி கெடையாது. "மாப்பிள்ளைக்கு என்னடி, மொழுமொழுன்னு இருக்காரு"ன்னு எங்க வீட்டுப் பொம்பளைகளெல்லாம் சிரிச்சாளுக. துரையும் தொரைச்சாணியும் சீமைக்குக் கப்பலேறவும் ஆலை மூடிக்கிச்சு. பாய்லர் மரத்தடியில துருப்பிடிச்சுக் கெடந்துச்சு, நாங்களும் அது பக்கத்துலயே கெடந்தோம்.

அப்பத்தான் ஞானவேல் முதலாளி வந்தாரு. பழனியில அவருக்குப் பாத்திரக்கடை, யாத்திரைக்காரங்க தங்குற சத்திரம், எல்லாம் உண்டு. கோயமுத்தூர்ல காலேஜைப் பாத்துட்டு வந்ததுலருந்து அவருக்கு ஒரே கிறுக்கு, நம்ம பக்கமும் ஒண்ணு ஆரம்பிக்கணும்னு. பாலசமுத்திரத்துக்கு அங்கிட்டு, மலை எறங்குற ஓரத்துல ஓட்டுக் கொட்டகை வரிசையாப் போட்டு டெக்னிக்கல் இன்ஸ்டிடியூட்னு போர்டு வச்சாரு. நாடு சுதந்திரம் வாங்கிப் பத்து வருசம் ஆகியிருக்கும். ஒட்டன்சத்திரம், தாராபுரம் பக்கமிருந்து வெள்ளாமை பண்ற சம்சாரி வீட்டுப் பையங்க மெஷின் படிக்க வந்தானுக. கொஞ்ச காலத்துல போர்டை அழிச்சுட்டு யுனிவர்சிட்டின்னு எழுதிட்டாரு. அது சர்க்கார் குடுக்கிற பேராச்சே, நம்மளே எழுதிக்கலாமான்னு பிரின்சிபால் கேட்டாராம். "பிள்ளை பொறக்குறதுக்கு முன்னாடி தொட்டில் வாங்கி வைக்கிறதில்லையா?"ன்னாராம் முதலாளி. நம்ம பக்கம் யாருய்யா அப்படி வாங்குவா? வாங்கவே மாட்டாக. பிள்ளைக்கு ஆகாதும்பாக.

பையங்களுக்குக் காட்டுறதுக்கு நீராவி இஞ்சின் வேணும்னு துரையோட பாய்லரை வாங்கி லாரியில ஏத்துனாரு. பாய்லரோட சேத்து வந்த சீர்வரிசை நாங்க ரெண்டு பேரும். கொட்டகைக்குப் பின்னாடி ஓட்டு வீடு ஒண்ணு குடுத்தாக, தனிக் கெணறு. அதை விடுங்க, பெரிய விசயம் வேற. இத்தன வருசம் "ஏலே, வெறகைத் தள்ளுலே"ன்னு மட்டும் கேட்ட மனுசனை அந்தப் பையங்க "சார்"னாங்க. மொத நாளு வீட்டுக்கு வந்து, "என்னைய சார்ங்கிறானுக விசாலாட்சி"ன்னு சொல்லிட்டுத் தன்னால சிரிச்சாக. அந்தச் சிரிப்பை நான் அதுக்கு முன்னாடி பாத்ததில்லை. இந்த வேலை நிலைக்கணும் முருகான்னு அப்பவே மஞ்சத்துணியில காசு முடிஞ்சு வச்சேன்.

ஆனா யுனிவர்சிட்டிக்கு அங்கீகாரம் வரலை. அது வந்தாத்தான் பையங்க வாங்குற சர்டிபிகேட்டுக்கு மதிப்பு. முதலாளி மனுப் போட்டுப் பாத்தாரு, மெட்ராசுக்கு நடையா நடந்தாரு, ஒண்ணும் ஆகலை. கடைசியில ஒரு தைப்பூசத்துக்குக் காவடி எடுத்துட்டு நேரா பாய்லர் கொட்டகைக்கு வந்தாரு முதலாளி. கையில இரும்பு வேலு, ஒரு முழம் இருக்கும், மஞ்சத்துணி சுத்தி விபூதி பூசியிருந்துச்சு. அங்கீகாரம் வர்ற வரைக்கும் இந்த வேலு இந்த மெஷின் மேலயே இருக்கணும், வந்த அன்னைக்கு அவுத்துக்கிட்டு மலைக்கு ஏறி மொட்டை போடுறேன், அதான் வேண்டுதல். கால் படாத உச்சியில கட்டணும்னு கூட வந்த பூசாரி சொன்னாரு. பாய்லருக்கு உச்சி எது? சேஃப்டி வால்வு.

அதைச் சொல்லணும். சோறு பொங்கும்போது பானை மூடி தானாத் தூக்கி ஆவியை விடுமில்ல, அந்தச் சோலிதான் அதுக்கு. பாய்லர் மேல ஒரு இரும்புக் கை நீட்டிக்கிட்டு இருக்கும், நுனியில குண்டு தொங்கும். ஆவி அளவுக்கு மீறினா கை மேல தூக்கும், ஆவி புஸ்ஸுன்னு வெளிய போயிரும். அந்தக் கையிலதான் வேலாயுதத்தை வச்சுக் கட்டினாக. ஆடக்கூடாது, விழக்கூடாதுன்னு கட்டுக்கம்பியை பாய்லர் வயித்தைச் சுத்தி இழுத்து முறுக்கினாக. இவுக தேங்காய்த் தட்டைப் புடிச்சுக்கிட்டு நின்னவுக, "முதலாளி, அந்தக் கை தூக்கணுங்க"ன்னாக. "சாமி தூக்கும் சேனாதிபதி"ன்னு தோள்ல தட்டினாரு. சுத்தி நின்ன எல்லாரும் சிரிச்சாங்க. பிரின்சிபால் மட்டும் தரையைப் பாத்துக்கிட்டு நின்னாரு.

முடிஞ்சு வச்சதை நடுவுல அவுக்கக் கூடாது. அது பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். ஒரு சாண் தள்ளிக் கட்டணும்னாலும் அவுத்தாத்தானே கட்ட முடியும்? அன்னைக்குச் சாயங்காலம் பிரின்சிபால் இவுகளைத் தனியாக் கூப்புட்டாரு. அவரு ரயில்வேயில பெரிய சோலி பாத்து ரிட்டையர் ஆனவரு, இவுகளை விட நல்லா அவருக்குத் தெரியும் என்ன நடக்கும்னு. "கம்மியா எரி. மீட்டர் முள்ளைப் பாத்துக்கிட்டே இரு. சீக்கிரம் அங்கீகாரம் வந்துரும்"னாரு. அவ்வளவுதான் அந்தப் படிச்ச மனுசனோட வீரம். எங்க வீட்டுக்காரருக்கும் பயம்தான், இல்லைங்கலை. சார்னு கூப்புடுற எடத்தை விட்டு எங்க போறது?

அதுக்கப்புறம் எங்க வீட்டுல நிம்மதி செத்துப்போச்சு. நெருப்பு எரியுற நேரமெல்லாம் இவுக ஆவி அளவு காட்டுற மீட்டர் முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டாக. ஒண்ணுக்குப் போகணும்னாக்கூட விறகு கொண்டாற ராக்கனை நிறுத்திட்டுத்தான் போவாக. ராக்கன் அந்த மலையடிக் காட்டுக்காரன், தேனும் கடுக்காயும் எடுத்து வித்துக்கிட்டு இருந்தவன், நல்ல சிரிச்ச மொகம். எங்க வீட்டுல பாய்லர் சூடேறினா அடுக்குப்பானையெல்லாம் மெதுவா நடுங்கும். நான் கையை வச்சு அமுக்கிப் புடிச்சுக்குவேன், என்னமோ நான் புடிச்சா நின்னுரும்ங்கிற மாதிரி. ஒரு பரீட்சையில பாய்லர் படம் வரையச் சொல்லியிருக்காக. ஒரு பையன் வேலையும் வரைஞ்சு, மஞ்சத்துணியும் வரைஞ்சு, அம்புக்குறி போட்டு சேஃப்டி வால்வுன்னு எழுதிட்டான். பிரின்சிபால் அதுக்கு மார்க்கும் போட்டுட்டாரு. ஊரே சொல்லிச் சொல்லிச் சிரிச்சுச்சு. எனக்குச் சிரிப்பு வரலை.

மறு வருசம் மெட்ராசுல இருந்து கமிட்டி வர்றதா தகவல் வந்துச்சு. முதலாளி பஞ்சாங்கம் பாத்துக் கிருத்திகை நாளாக் கேட்டு வாங்கினாரு. கமிட்டிக்காரங்களை வெள்ளனே மலைக்குக் கூட்டிப்போய் அபிஷேகம் காட்டிட்டு, பிரசாதத்தோட இங்க கூட்டியாறதுன்னு ஏற்பாடு. கிருத்திகையன்னைக்கு மலையில என்ன கூட்டம் இருக்கும்னு பழனியில பொறந்த மனுசனுக்குத் தெரியாதா? நாளு நல்ல நாளா இருந்தாப் போதும்னு நெனச்சுட்டாரு.

இங்க விடியுறதுக்கு முன்னாடியே நெருப்பு மூட்டியாச்சு. கமிட்டி வரும்போது இஞ்சின் ஓடணும், அதுல பெல்ட் மாட்டி லேத் எல்லாம் சுத்தணும். பையங்க அத்தன பேரும் புதுச் சட்டை போட்டு பாய்லரைச் சுத்தி நிக்கணும்னு உத்தரவு, வேலை செய்யுற மாதிரி இருக்கணுமாம். நான் கஞ்சித்தூக்கோட போனப்ப ஆவி தயாராகி வெகு நேரம் ஆயிருந்துச்சு. கமிட்டியைக் காணோம். மலையில தரிசனம் முடியலைன்னு சைக்கிள்ல ஒருத்தன் வந்து சொல்லிட்டுப் போனான். இஞ்சினைச் சும்மா ஓட்டி ஆவியைக் குறைக்கலாம்னா, அது ரெண்டு நாளா இருமிக்கிட்டுக் கெடந்துச்சு. கமிட்டி முன்னாடி ஓடுறதுக்கு மட்டும் உசிரை வச்சிருந்தாக. நெருப்பை அணைச்சா கமிட்டிக்காரங்க வர்ற நேரத்துல மெஷின் செத்துக் கெடக்கும். "கொஞ்சம் பொறு சேனாதிபதி, இந்தா வந்துருவாங்க"ன்னு பிரின்சிபால் அதையேதான் சொல்லிக்கிட்டு இருந்தாரு.

இவுக விசிலை இழுத்து விட்டாக. முள் எறங்கலை. சாம்பலை நனைச்சு நெருப்பு மேல போட்டாக. அப்புறம் நெருப்பையே இழுத்து வெளிய தள்ளினாக. அப்பவும் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டிப் போய்க்கிட்டே இருந்துச்சு. பாய்லர் ஓரத்து ஆணியெல்லாம் தண்ணி கசிய ஆரம்பிச்சிருச்சு. உள்ள இருந்து ஒரு முனகல். வாய் கட்டின மாடு முனகுமே, அந்தச் சத்தம். பையங்க அப்பவும் கிராப்பைச் சீவிக்கிட்டு நின்னானுக. நான் தூக்கைக் கீழ போட்டுட்டேன்.

"வெளிய போங்கலே!"ன்னு ஒரு சத்தம். எங்க வீட்டுக்காரரு சத்தம்தான் அதுன்னு எனக்கே தெரியலை. அவுக சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. பையங்களைப் புடிச்சுத் தள்ளுறாக, நிக்கிறவனைச் சட்டையைப் புடிச்சு இழுத்து எறியுறாக, என்னையும் தள்ளினாக. கொட்டகை காலியானதும் கம்பி வெட்டுற குறட்டை எடுத்துக்கிட்டு பாய்லர் மேல ஏறினாக. "அவுக்காத! சேனாதிபதி, முதலாளி என்னைக் கொன்னுருவாரு!"ன்னு பிரின்சிபால் வாசல்ல நின்னு கத்துறாரு. கம்பியை வெட்டினாக. கை துள்ளி மேல போச்சு. ஆவி பீறிட்டு ஒரு அலறல், மலையே எதிரொலிச்சுச்சு, ஆவியில ஆளு மறைஞ்சுட்டாக. நான் மாரிலே அடிச்சுக்கிட்டு உள்ள ஓடினேன். வலது பக்கக் கன்னமும் காதும் வெந்து தொங்க, தவழ்ந்து வந்தாக.

அந்த நேரம் பாத்து கார் வந்து நிக்குது. கமிட்டிக்காரங்க நெத்தி நிறைய விபூதியோட எறங்குறாக. உள்ள பாத்தா ஒரே ஆவி, இஞ்சின் சுத்தலை, வேலு தரையில சேத்துல கெடக்கு. முதலாளி ஓடிப்போய் வேலை எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிட்டு ஓன்னு அழுதாரு. வெந்து கெடக்குற மனுசனை அவரு திரும்பிப் பாக்கலை. கமிட்டி டிபன் சாப்பிட்டுட்டுக் கெளம்பிருச்சு. அங்கீகாரம் இல்லைன்னு ஆச்சு. லைப்ரரியில புஸ்தகம் இல்லை, வாத்தியாருல ஒருத்தரு அன்னைக்கு மட்டும் இரவலா வந்தவரு, இதெல்லாம் கமிட்டி கண்ணுல பட்டுச்சு. அதை யாரு பேசினா? வேண்டுதலை அவுத்தான், அதான் போச்சுன்னு ஒரே பேச்சு. பையங்களோட அப்பன்மாரு வீட்டு வாசல்ல வந்து திட்டினாக. "வெடிச்சிருக்கும்யா, உன் மகன் செத்திருப்பான்யா"ன்னு கத்தினேன். "வெடிக்கலையே!"ன்னான் ஒருத்தன். உசிரோட நிக்கிற அவன் மகனும் சேந்துதான் எங்களைத் திட்டினான்.

வேலையும் போச்சு, வீடும் போச்சு. பாலசமுத்திரத்துல ஒரு ஓலைக் கொட்டாய்க்கு வந்தோம். இவுக ரைஸ் மில்லுல மூட்டை தூக்கப் போனாக. யுனிவர்சிட்டியில ஞானவேல் முதலாளி பரிகார பூசை செஞ்சு, இன்னொரு கமிட்டி வர்ற வரைக்கும்னு வேலாயுதத்தை மறுபடியும் அதே இரும்புக் கையில கட்டினாரு. இந்தத் தடவை ரெட்டைக் கம்பி. பாய்லருக்கு ராக்கனை வச்சுக்கிட்டாக. எங்க வீட்டை அவனுக்குக் குடுத்தாக. அவன் பொண்டாட்டி ஒய்யம்மாள் என் கெணத்துல தண்ணி எறச்சு என் வாசலைத் தெளிக்கிறதைப் பாத்தேன். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. நல்லா இருடி மகராசின்னு வாயில சொல்லி, மனசுல வேற சொன்னேன்.

இவுக அப்படியில்லை. புண்ணு ஆறினதும் ஒரு மத்தியானம் என்னையும் கூட்டிக்கிட்டு ராக்கனைத் தேடிப் போனாக. ஓடைப்பக்கம் விறகு பொளந்துக்கிட்டு இருந்தான். "ராக்கா, அது என்னைக்காச்சும் வெடிக்கும்டா. வந்துரு. மில்லுல சொல்லி வேலை வாங்கித் தாரேன்"னாக. அவன் கோடாலியைச் சாச்சு வச்சான்.

"தெரியும்ணே. நானுந்தானே அன்னைக்கு அந்த முள்ளைப் பாத்தேன்? ஒய்யம்மா முழுகாம இருக்கா. அடுத்து அடைமழை. போன பிள்ளை பாறை இடுக்குல பொறந்து, நனைஞ்சே செத்துப்போச்சு. இதாவது ஓட்டுக்குக் கீழ பொறக்கட்டும். மழை கழிஞ்சதும் வெரசா வந்துருவேன்."

"அவளுக்குத் தெரியுமா?"

"சொல்லிராதீங்கண்ணே. தெரிஞ்சா ஒரு ராத்திரி தங்கமாட்டா. என்னையும் இழுத்துக்கிட்டுக் காட்டுக்குப் போயிருவா. அவளுக்கு எந்தக் காலத்துலயும் தெரியவேணாம்."

அதுக்கப்புறம் காலையில அங்கிட்டிருந்து பாய்லர் விசில் சத்தம் வர்ற வரைக்கும் இவுக வாயில தண்ணி ஊத்தமாட்டாக. விசில் கேட்டாத்தான் சாப்பிடுவாக. நானும் காதைத் தீட்டிக்கிட்டே ஆக்கிக்கிட்டு இருப்பேன். அடைமழையில ஒய்யம்மாளுக்கு ஆம்பளைப் பிள்ளை பொறந்துச்சு. மழையும் விட்டுச்சு. பிள்ளைக்குத் தலை நிக்கட்டும்னு சொல்லி அனுப்பிச்சான் ராக்கன், தை பொறந்ததும் வந்துர்றானாம். மார்கழியில ஒரு நாளு விசில் ஊதுச்சு. இவுக நிம்மதியா உக்காந்து சாப்பிட ஆரம்பிச்சாக. அப்பத்தான் கேட்டுச்சு.

இடின்னு சொல்ல முடியாது. தரை ஒரு தடவை தூக்கிப் போட்டுச்சு, ஓலையிலருந்து தூசி கொட்டுச்சு. சோத்துல கையை வச்சபடியே, "ராக்கா"ன்னாக. அவ்வளவுதான், எந்திரிச்சு ஓடினாக. கொட்டகை இருந்த எடத்துல வானம் தெரிஞ்சுச்சு. ராக்கனும், படத்துல வேலு வரைஞ்சு மார்க் வாங்கின பையனும் செத்துப் போயிட்டாக. வெளிய துணி துவைச்சுக்கிட்டு இருந்ததால ஒய்யம்மாளும் பிள்ளையும் பொழச்சாக. முதலாளி கடையை மூடிட்டு எங்கயோ போயிட்டாரு, பிரின்சிபால் மக வீட்டுக்குப் போயிட்டாரு, போர்டை யாரோ மாட்டுக்கொட்டகைக்குக் கதவாக் கொண்டுபோயிட்டாக. பழைய பாய்லர்னு பேப்பர்ல போட்டாக. ஊருல வேற சொன்னாக. மொதல்ல ஒருத்தன் அவுத்தான்ல, அந்தத் தெய்வக் குத்தமாம்.

ஒய்யம்மாள் தெய்வக் குத்தம்னு சொல்லலை. பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு எங்க வாசல்ல வந்து நின்னா. இவுக வெளிய வந்தாக.

"அண்ணே, கூட நின்னு ஒண்ணாக் கஞ்சி குடிச்சவன் அவன். அது வெடிக்கும்னு உங்களுக்குத் தெரியும்ல? ஊரு பூராவும் உங்க வெந்த மூஞ்சியைப் பாத்துத் தெரிஞ்சுக்கலாம். அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

அடியே, சொன்னோம்டி, உன் புருசன் தெரிஞ்சேதான்டி உனக்காக அங்க நின்னான்னு சொல்ல நான் வாயெடுத்துட்டேன். இவுக என்னைத் திரும்பிப் பாத்து, "உள்ள போ"ன்னாக. அப்புறம் அவகிட்டச் சொன்னாக.

"சொல்லியிருக்கணும் தாயி. நான்தான் சொல்லலை."

அவ குனிஞ்சு மண்ணை வாரித் தூத்தினா. நீ நல்லாயிருப்பியா, உன் வாசல்ல பிள்ளை வெளையாடுமான்னு சொல்லிச் சொல்லித் தூத்தினா. எங்களுக்கு அன்னைக்கும் பிள்ளை இல்லை, அப்புறமும் இல்லை. வெந்த கன்னத்துல மண்ணு ஒட்டிக்கிட்டு நின்னாக, தொடைக்கலை. அவ போனப்புறம் கேட்டேன், ஏன்யா இப்படிப் பண்ணினீகன்னு, கத்தினேன், அடிச்சேன். "தனக்காகத்தான் செத்தான்னு தெரிஞ்சா அவ அந்தப் பிள்ளையை எப்படி வளப்பா?"ன்னு மட்டும் கேட்டாக.

அந்தப் பய இப்போ பள்ளிக்கூடம் போறான். அவ வெறகு சொமந்து அவனை வளக்குறா. எங்க வீட்டுக்காரரு செத்த அன்னைக்குக்கூட வந்து எட்டிப் பாக்கலை. சந்தையில என்னைப் பாத்தா இன்னைக்கும் மொகத்தைத் திருப்பிக்கிட்டுப் போறா. போகட்டும். இதைக் கேட்ட நீங்களும் அவ காதுல போட்டுறாதீக.